நடுங்காத நாற்காலி

என் மோட்டார்கள் இதுவரை சுமந்தவை எல்லாம் அட்டைப்பெட்டிகள். பார்சல் கிடங்குகளில் ஓடும் நீளமான பட்டைகளுக்கு மோட்டார் கட்டுப்பாடு எழுதுவது என் வேலை. பட்டையில் ஒரு பெட்டி கிடந்தாலும் சரி, ஒரு லாரிப் பெட்டிகள் கிடந்தாலும் சரி, வேகம் மாறாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் அட்டைப்பெட்டிக்கு முதுகெலும்பு கிடையாது. குலுக்கினால் வலிக்கிறது என்று சொல்லாது. அதனால்தான் எங்கள் ஆட்கள் எல்லோரும் நல்ல பெயரோடு காலம் தள்ளுகிறோம்.

என் மாமியாருக்கு முதுகெலும்பு உண்டு. அது போன குளிர்காலத்தில் விரிசல் விட்டது.

அத்தை திரைச்சீலை தைப்பவர். ஜன்னலுக்கு அளவெடுப்பது, தைப்பது, ஏணியில் ஏறிக் கம்பியில் மாட்டுவது எல்லாம் அவரே. எத்தனையோ வீடுகளில் ஏறி இறங்கியவர், ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஏணி வழுக்கி விழுந்தார். "விழுந்தது கூடப் பரவாயில்ல. பல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவங்க எல்லாரும் வலியை மறந்து என்னைப் பாத்தாங்க. அதான் மானம் போச்சு" என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடியே சொன்னார்.

எங்கள் வீட்டில் கீழே தெருப்பக்கம் அத்தையின் கடை, பின்பக்கம் என் கணவரின் இரும்புப் பட்டறை. அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் மாடியில். நடுவே ஒரு குறுகலான படிக்கட்டு, அதிலும் பாதியில் ஒரு வளைவு. மூன்று மாதம் மாடியில் படுத்திருந்த பிறகு டாக்டர் சொன்னார்: உட்காரலாம், சமதரையில் நடக்கலாம், கொஞ்சம் தைக்கக்கூடச் செய்யலாம். படி ஏறி இறங்கக் கூடாது. குலுங்கவே கூடாது.

வேறு ஊரில் இருக்கும் என் கணவரின் அண்ணன் உடனே போன் செய்தார். நல்ல மனிதர். அவருடைய அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் உண்டு, ஓர் அறை காலியாகவும் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இங்கே வந்துவிடுங்கள் என்றார். குறை சொல்ல முடியாத யோசனை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அத்தைதான் முடிவு சொன்னார். "கீழ இறங்கிக் கடையில உக்கார முடிஞ்சா இங்கேயே இருக்கேன். முடியலைன்னா பெரியவன்கிட்டப் போயிடறேன். வர்றவங்க பூட்டின கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போறதை மேல படுத்துக்கிட்டுக் கேட்டுட்டே இருக்க என்னால ஆகாது."

அவர் அழுத்தமாகச் சொல்லவில்லை. தையல் கூலி சொல்வது போலச் சொன்னார். ஆனால் அத்தை ஒரு தடவை சொன்ன கூலியை மாற்றியதே இல்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்றார் பெரியவர்.

படிக்கட்டு நாற்காலி விற்கும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், அளந்தார்கள், வளைவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் போன பிறகு நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் இரும்பை வளைப்பவர். நான் மோட்டாரை வளைப்பவள். நாமே செய்தால் என்ன?

சுவரை ஒட்டித் தண்டவாளம் அவர் பொறுப்பு. நாற்காலியை இழுக்கும் மோட்டார் என் பொறுப்பு. லிஃப்ட் பரிசோதகர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். பிரேக்கையும் பெல்ட்டையும் அவர் வந்து சோதித்து, இரண்டு குறை சொல்லித் திருத்த வைத்தார். மற்றபடி அந்த வாரங்கள் முழுக்க நாங்கள் இருவரும் சந்தோஷமாகச் சண்டை போட்டோம். நாற்காலி எங்கே லேசாக ஆடினாலும் அவர் "மோட்டார்" என்பார், நான் "தண்டவாளம்" என்பேன்.

மோட்டார் ஏன் ஆடுகிறது என்பதை அத்தைக்கு நான் விளக்கியது இப்படி. மோட்டாருக்குள்ளே காந்தங்களும் இரும்புப் பற்களும் இருக்கின்றன. வேகமாகச் சுற்றினால் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. மெதுவாகச் சுற்றினால் மட்டும் ஒவ்வொரு பல்லுக்கு எதிரிலும் காந்தம் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு அடுத்ததற்குத் தாவும். என் அம்மாவோடு சந்தைக்குப் போவது மாதிரி. தெரிந்த முகம் கண்ட இடத்தில் எல்லாம் நின்றுவிட்டுத்தான் நகர்வார். நாற்காலியோ நத்தை வேகத்தில் போக வேண்டியது. அதனால் ஒவ்வொரு தயக்கமும் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு வந்து சேரும்.

இதற்கு நான் வைத்திருந்த மருந்து, கற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு. நாற்காலி ஓடும்போது எந்த இடத்தில் எவ்வளவு ஆட்டம் என்று அது கவனித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே இடத்துக்கு வரும்போது முன்கூட்டியே அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். தண்டவாளத்தின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை, ஒவ்வொரு தீக்குச்சி அகலத்துக்கும் ஒரு திருத்தம். ஓட ஓட ஆட்டம் குறையும். பல்லின் தயக்கமும் போகும், தண்டவாளத்தில் ஒட்டுப் போட்ட இடங்களின் இடறலும் போகும்.

"அப்போ படிக்கிற நாற்காலின்னு சொல்லு" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. உங்க பிள்ளையை விட நல்லாப் படிக்கும்."

என் கணவர் காதில் விழாதது போல வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

வீட்டில் தண்டவாளம் பொருத்தி முடித்ததும் மாமா முன்னால் வந்து நின்றார். என் மாமனார் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வளைவில் நிற்கும் பயணி கம்பியைப் பிடிக்க வேண்டி வந்தால் அது டிரைவரின் குற்றம் என்பது அவருடைய கொள்கை. இன்றைக்கும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். "நான் உக்காராத வண்டியில அவளை ஏத்த மாட்டேன்மா. முதல்ல நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

ஓட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஒரு பொத்தான்தான். அதைச் சொன்னால் வருத்தப்படுவார். மணல் மூட்டைக்குப் பதில் ஒரு மனிதரே கிடைத்தால் எனக்கும் நல்லதுதானே என்று சரி என்றேன். வியாழக்கிழமை முழுக்க மாமா ஏறினார், இறங்கினார். வளைவில் "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று குரல் கொடுத்தார். நான் கீழ்ப்படியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஓட்டங்களில் அந்தக் கோடு நான் எதிர்பார்த்ததை விட அதிகமாகவே துள்ளியது. என்ன காரணம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பழியைத் தண்டவாளத்தின் மேல் போட்டேன், அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது. சாயங்காலத்துக்குள் கோடு படிந்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

"பட்டு" என்றார் மாமா இறங்கும்போது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியை நான் பாத்ததில்ல."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது லேசில்லை. மோட்டார் கற்றதை அப்படியே பூட்டினேன். இனிமேல் அது புதிதாக எதுவும் கற்காது. முதுகு நொந்தவரை உட்கார வைத்து அவர் மேல் பாடம் படிக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை தலை வாரி, வெளியே போகும் உடை உடுத்தி, அளவுநாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தார். பெல்ட்டை மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன்.

நாற்காலி நடுங்கியது.

பெரிய குலுக்கல் இல்லை. சின்னதாக, விடாமல், சீரான ஒரு நடுக்கம். அத்தையின் வலது கை நாற்காலியின் கைப்பிடி மேல் போய் அமர்ந்து, அழுத்தி, அங்கேயே இருந்தது. ஒரு நொடி காத்திருந்து மறுபடி அழுத்தினார். வளைவுக்கு வருவதற்குள் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. நிறுத்தினேன். திரும்ப மேலே கொண்டுபோனேன். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.

மேலே வந்ததும் அத்தை கழுத்திலிருந்து நாடாவைக் கழற்றிச் சுருட்டினார். "பெட்டியைக் கட்டிடலாம்மா. நீ எவ்வளவோ செஞ்சுட்ட" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வாய் நீளம், பதில் சொல்லவும் தெரியும். கீழே போய் மோட்டார் மூடியைத் திறந்தேன்.

என் கணவர் தண்டவாளத்தைக் கையால் தடவிக்கொண்டே படி முழுக்க இறங்கினார். "நீயே கை வெச்சுப் பாரு. வெண்ணெய். எங்கயும் இடறலை. இது மோட்டார்தான்."

"எடை. உங்க அப்பா கனம், அம்மா லேசு. அதனால இருக்கலாம்."

அப்படிச் சொல்லும்போதே எனக்கு உறுத்தியது. எடை மாறினாலும் வேகம் மாறாது என்பதுதானே என் தலைக்கனமே. இருந்தாலும் அத்தையின் எடைக்கு மணல் மூட்டைகளை அளந்து ஏற்றினேன். நடுங்கியது. மூட்டையை இறக்கிவிட்டு மாமாவை உட்கார வைத்தேன். பட்டு. அப்பாடா, எடைதான் என்று மாமாவின் எடைக்குச் சரியாக மூட்டை ஏற்றினேன். நடுங்கியது.

அதே எடை. மாமா என்றால் பட்டு, மணல் என்றால் நடுக்கம். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"உன் மோட்டாருக்கு அப்பாவைப் பிடிச்சுப் போச்சு. அவ்வளவுதான்" என்றார் என் கணவர்.

மாமா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "வண்டி ஆளைத் தெரிஞ்சு வெச்சுக்கும்மா. என் பஸ்ஸும் அப்படித்தான். வேற டிரைவர் எடுத்தா முரண்டு பிடிக்கும்."

"மோட்டாருக்கு ஆளெல்லாம் தெரியாது மாமா" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். அவர் பாவம், நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை, அரைகுறையாகத் தைத்துக் கிடக்கும் திரைகளை யார் யாருக்கு எப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டருக்குச் சேர வேண்டியது நீலம். பள்ளிக்கூடத்து டீச்சருடையது பூப்போட்டது, இன்னும் மடித்துத் தைக்கவில்லை, அப்படியே கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடு. கேட்கக் கேட்க எனக்கு அழுகையாக வந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து விளிம்புக்குச் சின்னச் சின்ன வளையங்கள், விடாமல், சீராக. எங்கள் மேசையில் தண்ணீர் எப்போதும் அப்படித்தான் இருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். விளிம்பு வரை ஊற்றினால் சிந்தும் என்று பழகி, முக்கால் டம்ளர்தான் ஊற்றுவேன்.

அத்தை பேச்சை நிறுத்தவில்லை. மகனைப் பார்த்தபடியே, இடது கையை மட்டும் மேசைக்கு அடியில் கொண்டுபோனார். டம்ளரில் வளையங்கள் நின்றன.

நான் குனிந்து பார்த்தேன். மாமாவின் முழங்கால் மேல் அத்தையின் கை. காலையில் நாற்காலிக் கைப்பிடி மேல் போய் உட்கார்ந்த அதே மாதிரி, அதே அழுத்தம்.

"மாமா" என்றேன். "சாப்பிட்டதும் கொஞ்சம் சும்மா உக்காருங்க. உங்க கால் எனக்கு வேணும்."

திரை கட்டும் நாடாவால் என் போனை மாமாவின் முழங்காலுக்கு மேலே கட்டினேன். போனுக்கு ஆட்டத்தை அளக்கத் தெரியும். பழைய பஸ் கதை ஏதாவது சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மழை நாளில் மேம்பாலத்தில் பிரேக் பிடிக்காமல் போன கதையை ஆரம்பித்தார். பயணிகள் தப்பிப்பதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. போனில் வந்த ஆட்டத்தையும் மோட்டார் கற்றுவைத்திருந்த திருத்தத்தையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். தாளம் ஒன்றே. மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு.

நடந்தது இதுதான். பொத்தானை அழுத்தியதும் மாமாவின் கால் ஆட ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் என்ஜின் மேல் உட்கார்ந்த கால், தாளம் தப்பாது. நாற்காலியும், என் புண்ணியத்தில், ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாத அதே வேகத்தில் போகும். அதனால் அவர் காலின் ஒவ்வொரு துள்ளலும் தண்டவாளத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தது. என் கட்டுப்பாடு அதைப் பல்லின் தயக்கம் என்று நினைத்து, பாடம் போலப் படித்து, எதிர்ப்பக்கம் தள்ளக் கற்றுக்கொண்டது. மாமா உட்கார்ந்தால் அவருடைய ஆட்டமும் அதன் எதிராட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பட்டாகிவிடும். வேறு யார் உட்கார்ந்தாலும் எதிராட்டம் மட்டும் மிஞ்சும். மோட்டாருக்கு ஆள் தெரியாது என்று மாமாவிடம் வெடுக்கென்று சொன்னேனே, அதற்கு அவரை மட்டும்தான் தெரிந்திருந்தது.

விளக்கிச் சொன்னதும் மாமா கோபமாக நிமிர்ந்தார். "என் காலா? என் கால் எப்பம்மா ஆடுச்சு?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். முழங்காலில் கட்டிய போன் ஆடிக்கொண்டே இருந்தது.

முதலில் சிரித்தது அத்தை. முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. என் கணவர் மேசையிலிருந்து எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். அப்பாவின் முகத்துக்கு நேரே சிரிக்கும் தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை.

சிரித்து முடித்து அத்தை சொன்னார்: "காலையில அது நடுங்கினப்போ, இவர்தான் பக்கத்துல உக்காந்திருக்கார்ங்கற நெனப்புல கை வெச்சேன். கை வெச்சா நின்னுடும்ல. நிக்கல. மறுபடி அழுத்தினேன், அப்பவும் நிக்கல. அதான் பயந்துட்டேன்."

மாமாவின் முகம் மாறியது. நாடாவை அவிழ்த்துப் போனை என்னிடம் கொடுத்தார். "அப்போ உன் முதுகைக் குலுக்கினது நானா?" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க எங்க குலுக்கினீங்க? நாற்காலி குலுக்குச்சு."

"நான் சொல்லிக் குடுத்ததைத்தானே அது செஞ்சுது."

வளைவில் ஒரு பயணியைக்கூடச் சாய விடாத மனிதர். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தப்பு என்னுடையது மாமா, எதைக் கற்றுக்கொள்ளலாம், எதைக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று அதற்குச் சொல்லாமல் விட்டது நான்தான் என்றேன். தலையை ஆட்டினார். கேட்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை மோட்டார் கற்றது அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை மணல் மூட்டைதான் மாணவருக்கு வாத்தியார். காலே இல்லாத வாத்தியார். மூட்டையின் எடையை மாற்றி மாற்றி ஓட்டினேன். மோட்டாரின் சுற்றோடும் தண்டவாளத்தின் ஒட்டோடும் எப்போதும் சேர்ந்தே வரும் ஆட்டம் எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை மறந்துவிடு என்று திருத்தி எழுதினேன். ஆள் உட்கார்ந்தால் பாடம் கிடையாது. யார் உட்கார்ந்தாலும், எந்தக் கால் எப்படி ஆடினாலும் வேகம் மட்டும் பிசகக் கூடாது. எழுதி முடித்ததும் என் கணவரை உட்கார வைத்து, வேண்டுமென்றே காலை ஆட்டச் சொன்னேன். வம்சத்துக்கே அது நன்றாக வந்தது. அந்த ஆட்டத்தை அவர் மட்டும்தான் உணர்ந்தார், நாற்காலி அதைப் படிக்கவில்லை. கடைசியாக மாமா ஒரு டம்ளரில் விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றி, நாற்காலியில் வைத்து, தான் தொடாமல் தள்ளி நின்றுகொண்டார். டம்ளர் தனியாகப் படியிறங்கிப் போய், வளைவில் திரும்பி, கீழே நின்றது. நாற்காலியில் ஒரு சொட்டு இல்லை.

இந்த முறை அவர் பட்டு என்று சொல்லவில்லை. "அவ சொல்லட்டும்" என்றார்.

வண்டி வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிய பெட்டிகள் மாடிப்படி ஓரமாகவே நின்றிருந்தன. அத்தை அவற்றைத் தாண்டி வந்தார். கழுத்தில் நாடா இல்லை. "ஒரு தடவை. உனக்காக" என்றார் என்னிடம்.

என் கணவர் வளைவில் நின்றார். நான் நாற்காலியோடு கூடவே படி படியாக இறங்கத் தயாரானேன். மாமாவைக் கீழே கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லியிருந்தோம். அவரும் மறு பேச்சில்லாமல் போய்விட்டார்.

பொத்தானை நான் அழுத்தவில்லை. அத்தையே அழுத்தினார்.

நாற்காலி நகர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. சுவர் மேலே போவது போலத்தான் இருந்தது. நான் அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடியிலிருந்து எழுந்து, கைப்பிடி மேல் போய், அழுத்துவதற்குத் தயாராக நின்றது. அழுத்த அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் அப்படியே மிதந்துவிட்டு மடிக்குத் திரும்பியது. வளைவில் அத்தை கண்ணை மூடிக்கொண்டார். வளைவு தாண்டியதும் திறந்து, "வளைவு எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வந்து போயாச்சும்மா" என்றார் அவர் பிள்ளை. தண்டவாளத்தில் ஏதோ தூசியைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

கீழே நாற்காலி நின்றது. அத்தை என் தோளைப் பிடித்து எழுந்தார், நடந்தார், கடையின் உள்கதவைத் தள்ளினார். துணி வாசனையும் எண்ணெய் வாசனையும் வந்தன. தையல் மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து உதறி மடித்தார். பிறகு ஊசியின் பக்கத்தில் பூப்போட்ட திரையின் ஓரத்தை வைத்துப் பார்த்தார், வெளிச்சம் போதவில்லை என்று தெருப்பக்கக் கதவைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். அந்தச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் பெரியவர் போன் செய்தார். அத்தையிடம் கொடுத்தேன். வண்டியை எத்தனை மணிக்கு அனுப்பட்டும் என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

"வண்டி வேண்டாம்பா" என்றார் அத்தை. "உன் வீட்டு ஜன்னல் எல்லாத்துக்கும் அளவெடுத்து அனுப்பு. போன தடவை வந்தப்பவே பாத்தேன், திரையா அது? நான் தெச்சு அனுப்பறேன்."

"எல்லா ஜன்னலுமாம்மா?"

"எல்லாம்தான். அவசரம் இல்ல. நான் இங்கதான் இருப்பேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தை வாசலைப் பார்த்தார். மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், ஆனாலும் எழுந்து உள்ளே வரவில்லை. இரண்டு கையாலும் தன் வலது முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. மேலேயிருந்து நாற்காலி புறப்பட்டதிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அத்தை மெதுவாக நடந்து அவர் பக்கம் போனார். குனிய முடியாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். நின்றபடியே மாமாவின் கைகளை ஒவ்வொன்றாக முழங்காலிலிருந்து எடுத்துவிட்டார்.

"விடுங்க. ஆடட்டும்" என்றார்.